மடக்கெழுத்தாணியும் சுவிஸ் கத்தியும்: கூட்டுக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழில் மடக்கக்கூடிய சிறு கத்திக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. பேனைக்கத்தி என்பது ஒன்று. வில்லுக்கத்தி என்பது மற்றொன்று. முதற்பெயர் அக்கருவி எதற்காகத் தோன்றியது என்பதைச் சொல்கின்றது. இரண்டாம் பெயர் அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சொல்கின்றது. நாவில் புழங்கித் தேய்ந்த இவ்விரு சொற்களுள்ளும் ஒரு கருவியின் நெடிய வரலாறு அடங்கியிருக்கின்றது. பேனைக்கும் கத்திக்கும் என்ன உறவு? வில்லுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு? இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்வோமாயின் ஒருபுறம் சுவிற்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றையும், மறுபுறம் பனையோலையில் எழுதிய நம் முன்னோரின் இடுப்பு மடியையும் சென்றடைவோம்.

ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளுக்குரிய உறுப்புகளை ஒரே பிடியில் இணைத்த கருவியை இக்கட்டுரை கூட்டுக் கருவி எனக் குறிப்பிடுகின்றது. கூட்டுக் கருவி என்பது ஒரு தொழிலாளியின் நாளாந்த வேலைகளின் பட்டியலாகும் என்பதும், அப்பட்டியலைச் சரியாக வாசித்தால் எழுத்தில் பதியப்படாத வரலாற்றையும் அறியலாம் என்பதுமே இங்கு நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

வில்லின் பொறிமுறை

முதலில் கருவியின் அமைப்பை நோக்குவோம். மடக்குக் கத்தியின் அலகு ஓர் ஊடாணியைச் சுற்றிச் சுழல்வது. கைப்பிடியின் முதுகுப்புறமாக ஓர் எஃகு வில் பொருத்தப்பட்டிருக்கும். வில்லின் நுனி அலகின் அடிக்கட்டையை எப்பொழுதும் அழுத்திக்கொண்டிருக்கும். அடிக்கட்டை வட்டமாக அமைவதில்லை. அதற்குத் தட்டையான முகங்கள் உண்டு. அலகு முழுமையாகத் திறந்திருக்கும்போதும் முழுமையாக மடங்கியிருக்கும்போதும் ஒரு தட்டை முகம் வில்லோடு படிந்து நிற்கும். இடைநிலையில் அடிக்கட்டையின் மூலை வில்லை மேலே உயர்த்தும். உயர்ந்த வில் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது அலகைத் திறந்த நிலைக்கோ மடங்கிய நிலைக்கோ தள்ளிவிடும். கத்தியை மடக்கும்போது நாம் கேட்கும் ‘சடக்’ என்னும் ஓசை இதனால் எழுவதே. இது பூட்டு அன்று. அழுத்தத்தினால் மட்டும் அலகை நிறுத்தும் ஏற்பாடு.

இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரம் இவ்வகைக் கத்திகளுக்குப் பெயர்பெற்றது. அந்நகரையும் அயற்பகுதியையும் சேர்ந்த கத்தித் தொழிலாளரின் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டத்தினால் நிறுவப்பட்டது. அங்கு மடக்குக் கத்தி செய்வோரை வில்லுக்கத்திக்காரர் என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். நம் மொழியில் வழங்கும் வில்லுக்கத்தி என்னும் பெயரும் அதே உறுப்பைக் கண்டு எழுந்தது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

கருவியின் உறுப்புகள் யாவும் ஒரே தன்மையுள்ள எஃகினால் ஆகா. வெட்டும் அலகு கூர்மையை நெடுநேரம் காக்கவேண்டுமாதலால் மிகுந்த கடினம் வேண்டும். வில் வளைந்து நிமிரவேண்டுமாதலால் கடினம் குறைந்து நெகிழ்ச்சி கூடியிருக்கவேண்டும். இன்றைய சுவிஸ் கத்தியில் அலகின் கடினம் ரொக்வெல் அளவையில் ஏறத்தாழ 56 ஆகவும், வில்லின் கடினம் ஏறத்தாழ 49 ஆகவும் அமைக்கப்படுகின்றன. எஃகைக் காய்ச்சித் தோய்த்து மீளச் சூடாக்கிப் பதம்பார்க்கும் கலையே இவ்வேறுபாட்டைத் தருகின்றது. இதே பதத்தை நம்மூர்க் கம்மாலைகளில் கொல்லர், இரும்பின் நிறமாற்றத்தைக் கண்ணாற் பார்த்தே அறிந்தனர்.

போர்வீரனின் பையில் இருந்தவை

பல உறுப்புகளை ஒரு பிடியில் அடக்கும் எண்ணம் புதியதன்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கருவி ஒன்று கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிட்ஸ்வில்லியம் அரும்பொருட்சாலையில் உள்ளது. வெள்ளியாற் செய்யப்பட்ட அதில் இரும்பு அலகு, கரண்டி, முட்கரண்டி, ஊசிமுனை முதலியவை மடங்கியிருக்கின்றன. பயணத்தின்போது உணவுண்ணும் ஒருவனது தேவைகளின் பட்டியல் அது. எனினும் உலகெங்கும் பெயர்பெற்ற கூட்டுக் கருவி சுவிற்சர்லாந்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகியது.

1884ஆம் ஆண்டில் கார்ல் எல்செனர் என்பவர் சுவீஸ் மாநிலத்தின் இபாஹ் என்னும் கிராமத்தில் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் சுவிஸ் இராணுவம் 1889ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டிருந்தது. அத்துப்பாக்கியைக் கழற்றித் துப்புரவு செய்யத் திருப்புளி வேண்டியிருந்தது. போர்வீரரின் உணவோ தகரப் பேணிகளில் அடைக்கப்பட்டு வந்தது. ஆகவே அலகு, துளையிடும் தமரூசி, பேணி திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் அமைந்த கத்தியொன்றை ஒவ்வொரு வீரனுக்கும் வழங்க இராணுவம் தீர்மானித்தது. அதுவே 1890ஆம் ஆண்டு வகைப் போர்வீரர் கத்தி. ஏறக்குறைய 15,000 கத்திகள் தேவைப்பட்டன. அத்தனையையும் உரிய காலத்திற் செய்து கொடுக்கும் ஆற்றல் எந்தவொரு சுவிஸ் பட்டறைக்கும் அன்று இருக்கவில்லை. ஆகையால் சுவிஸ் இராணுவத்தின் முதற் கத்திகள் ஜேர்மனியின் சொலிங்கன் நகரிலேயே செய்யப்பட்டன.

எல்செனர் நாட்டின் ஏனைய கத்தித் தொழிலாளரை ஒன்றுதிரட்டி 1891ஆம் ஆண்டில் தாமும் கத்திகளை வழங்கத் தொடங்கினார். சொலிங்கன் தொழிற்சாலைகள் அதே கத்தியை மலிவாகச் செய்தமையால் கூட்டாளிகள் விலகினர். எல்செனர் கடனில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. உறவினரின் உதவியால் அவர் தப்பினார். பின்னர் 1897ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் திகதி அவரது அதிகாரிகள் கத்தி சட்டப்படி பதிவுசெய்யப்பட்டது. இரண்டாவது சிறு அலகும் தக்கைத் திருகியும் அதில் சேர்ந்தன. அதன் சிறப்பு உறுப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒரே வில்லின் இருபுறத்திலும் உறுப்புகளைப் பொருத்தி, ஒரு வில்லையே இருபக்க வேலைக்கும் பயன்படுத்தியமையே அதன் புதுமை. ஆறு உறுப்புகளுக்கு இரு விற்களே போதுமாயின. கத்தி தடிப்பின்றி, பாரமின்றிச் சட்டைப் பையில் அடங்கியது.

தாயார் விக்டோரியா 1909ஆம் ஆண்டில் காலமானபின் எல்செனர் அவரது பெயரைத் தம் கத்திகளுக்கு இட்டார். 1913ஆம் ஆண்டில் செஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியிருந்தார். அவ்வகை எஃகு 1921ஆம் ஆண்டில் இபாஹ் பட்டறைக்கு வந்தபோது அதனைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்னும் சொல்லும் பெயரோடு சேர்ந்து ‘விக்டோரினொக்ஸ்’ ஆயிற்று. டெலமொன் நகரின் வெங்கர் நிறுவனமும் நெடுங்காலம் இராணுவத்திற்குக் கத்தி வழங்கியது. 2005ஆம் ஆண்டில் அது விக்டோரினொக்ஸுடன் இணைந்தது. ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்னும் பெயரைப் பரப்பியோர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க வீரர் ஆவர்.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. திருப்புளி துப்பாக்கியைச் சுட்டுகின்றது. பேணி திறப்பான் தகரத்தில் அடைத்த உணவைச் சுட்டுகின்றது. தக்கைத் திருகி மது அருந்தும் சமூகத்தைச் சுட்டுகின்றது. போர்வீரர் கத்தியில் தக்கைத் திருகி இல்லை. அதிகாரிகள் கத்தியில் உண்டு. பதவி வேறுபாடும் கருவியிற் பதிந்துவிட்டது. மது விலக்கப்பட்ட நம் கரையோர முஸ்லிம் இல்லம் ஒன்றில் அதே கத்தி இருக்குமாயின், தக்கைத் திருகி கயிற்றின் இறுகிய முடிச்சை அவிழ்க்கும் ஊசியாகலாம். உறுப்பு ஒன்றாயினும் சமூகம் மாறும்போது அதன் வேலையும் மாறுகின்றது.

எழுதுவோனின் கத்தி: மூன்று மரபுகள்

இனி பேனைக்கத்தி என்னும் பெயரை நோக்குவோம். ஐரோப்பியர் பறவையிறகினால் எழுதிய காலத்தில் இறகின் முனை விரைவில் தேய்ந்தது. அதனைச் சீவிப் பிளந்து மீளக் கூராக்குவதற்கு எழுதுவோர் சிறு கத்தியொன்றை வைத்திருந்தனர். பேனையைச் சீவும் கத்தி என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். அப்பெயரே தமிழில் பேனைக்கத்தி ஆயிற்று.

அரபு எழுத்து மரபிலும் இதற்கு ஒப்பான கத்தி உண்டு. அங்கு எழுதுகோல் கலம் எனப்படும் நாணற் குச்சியாகும். திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயம் அப்பெயரையே கொண்டது. நாணலின் முனையைச் சாய்வாக வெட்டி நடுவே பிளப்பதற்கு நுண்ணிய கத்தியும், வெட்டும்போது குச்சியைத் தாங்குவதற்குச் சிறு தகடும் எழுத்துக் கலைஞரிடம் இருந்தன. துருக்கிய எழுத்துக் கலைஞர் அத்தகட்டை யானைத் தந்தத்திலும் செய்தனர்.

மூன்றாவது மரபு பனையோலை மரபு. இதில் நிலைமை தலைகீழாக அமைகின்றது. இறகும் நாணலும் கத்தியினால் சீவப்பட்டுத் தேய்ந்து முடிபவை. எழுத்தாணியோ இரும்பு. அதைச் சீவவேண்டியதில்லை. ஆனால் ஓலையைச் சீவவேண்டும். ஈர்க்கை நீக்கவேண்டும், ஓரங்களை வாரி ஒழுங்காக்கவேண்டும், வேண்டிய நீளத்துக்கு நறுக்கவேண்டும். ஏனைய இரு மரபுகளிலும் கத்தி பேனைக்காக இருந்தது. நம் மரபில் கத்தி ஏட்டுக்காக இருந்தது. பேனையும் இரும்பு, கத்தியும் இரும்பு என்றாகும்போது இரண்டையும் ஒரே உடலாகச் செய்வது கொல்லனுக்கு இயல்பான அடுத்த படியாகின்றது. இறகையும் கத்தியையும் ஒன்றாக அடித்து உருவாக்க எவராலும் இயலாது. எழுத்தாணியையும் கத்தியையும் அவ்வாறு உருவாக்க இயலும். ஓலை எழுத்து மரபு தனக்கெனக் கூட்டுக் கருவி ஒன்றைப் பெற்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனக் கருதலாம்.

மடக்கெழுத்தாணி

உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாறாகிய ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலத்து எழுத்தாணி வகைகளைக் குறிப்பிட்டுள்ளார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அவை மூன்று. குண்டெழுத்தாணியின் தலை கனத்த குண்டாக இருக்கும். எழுதப் பழகும் சிறுவர்க்கு உரியது அது. வாரெழுத்தாணி சற்று நீண்டது. அதன் ஒரு முனை எழுதும் கூர். மறுமுனை ஓலையை வாரவும் நறுக்கவும் உதவும் தட்டையான கத்தி. மடக்கெழுத்தாணி கைப்பிடிக்குள் மடங்கும் இயல்பினது. கொம்பு, மரம், தந்தம் ஆகியவற்றால் அதன் பிடி அமைந்தது. எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடியில் மடங்கும் கருவிகளும் வழங்கின. இவற்றை நம்மவரின் சட்டைப்பைக் கத்தி என்பது மிகையாகாது. சட்டைப் பைக்குப் பதிலாக அவர்க்கு இடுப்பு மடி இருந்தது.

இம்மூன்று வகைகளும் வெறும் வடிவ வேறுபாடுகள் அல்ல. ஓரிடத்தில் அமர்ந்து எழுதும் சிறுவனுக்குக் கத்தி வேண்டியதில்லை. ஏட்டை ஆசிரியர் வாரித் தருவார். தானே ஏடு தயாரிப்பவனுக்கு வாரெழுத்தாணி வேண்டும். ஊர் ஊராகச் செல்பவனுக்கோ கூரிய இரும்பு முனை மடியிற் குத்தாதிருக்க மடக்கும் வசதி வேண்டும். பரிசாரியும் கணக்கெழுதுவோனும் ஏடு பெயர்த்தெழுதும் புலவனும் இவ்வகையினர். சுவிஸ் போர்வீரனுக்கும் இவர்களுக்கும் உள்ள ஒற்றுமை இதுவே: வேலையிடம் நிலையாக இல்லாதவனே கூட்டுக் கருவியை நாடுகின்றான். தச்சனின் பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி இருக்கலாம். வழிச்செல்வோனின் மடியில் அதற்கு இடமில்லை.

எழுதும் முறையும் கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது. ஓலையில் எழுதுவோன் மையால் கோடு இழுப்பதில்லை, கூரினால் கீறுகின்றான். வலக்கை எழுத்தாணியைத் தாங்க, இடக்கைப் பெருவிரல் அதன் முனைக்கு அணையாக நிற்க, ஏடே மெல்ல நகர்த்தப்படும். கீறிய எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படுவதற்காகப் பின்னர் கரி, மஞ்சள், இலைச்சாறு போன்றவை பூசப்படும். ஆகவே முனை ஓலையைக் கிழிக்காத அளவுக்கு வழவழப்பாகவும், கீறும் அளவுக்குக் கூர்மையாகவும் இருத்தல் வேண்டும். அக்கருவியிலுள்ள கத்தியின் தேவை வேறு: அதற்கு வெட்டும் ஓரம் வேண்டும். ஒரே துண்டு இரும்பின் இரு முனைகளுக்கும் இரு வேறு பதங்களைத் தரவேண்டிய பணி கொல்லனைச் சேர்ந்தது. வில் இல்லாமல் ஊடாணியின் இறுக்கத்தினாலேயே மடக்கும் உறுப்பை நிறுத்தலாம் என்பதனால், செஃபீல்ட் தொழிற்சாலை இல்லாத ஊரிலும் இத்தகைய கருவி சாத்தியமாயிற்று.

ஓலையில் எழுதும் வழக்கம் இலங்கைத்தீவு முழுவதற்கும் பொதுவானது. 1660ஆம் ஆண்டில் கிழக்குக் கரையின் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் கண்டி இராச்சியத்தினர் தாளிப்பனை ஓலையில் இரும்பு ஊசியால் எழுதியமையை விவரித்துள்ளார். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலும் கண்டிக் கொல்லரின் வேலைப்பாடுகளை ஆராய்கின்றது. எனவே இக்கருவிக் குடும்பம் ஓர் இனத்தவரின் தனியுடைமை அன்று. ஓலை எழுத்து இருந்த இடமெங்கும் அதன் கிளைகள் இருந்தன.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தவிர்த்தல் நன்று. சுவிஸ் கத்தி நம் மடக்கெழுத்தாணியைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று கூறுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. அவ்வாறு கூறுவது வரலாறாகாது, வெறும் பெருமிதமாகும். ஒரே வகைத் தேவை இரு வேறு நிலங்களில் ஒரே வகை விடையைத் தோற்றுவித்தது என்பதே உண்மை. முதன்மைக்காகப் போராடுவதிலும் பார்க்க இவ்வொப்புமையை விளங்கிக்கொள்வது நமக்குக் கூடிய பயன் தரும்.

ஒன்று நிலைத்தது, ஒன்று மறைந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகள் எஃகுப் பேனைமுனைகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கின. இறகைச் சீவவேண்டிய தேவை ஒழிந்தது. ஆயினும் பேனைக்கத்தி ஒழியவில்லை. பென்சில் சீவியது, கயிறு அறுத்தது, பழம் நறுக்கியது. பேனை போய்விட்டபோதிலும் பெயரைச் சுமந்துகொண்டு கத்தி வாழ்ந்தது.

மடக்கெழுத்தாணிக்கு இந்நற்பேறு வாய்க்கவில்லை. கடதாசியும் அச்சும் பரவியபோது அதன் இரு உறுப்புகளும் ஒருங்கே வேலையிழந்தன. அறிஞர் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ இதழை வெளியிடத் தொடங்கியபோது இலங்கை முஸ்லிம்களின் எழுத்துலகம் அச்சுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏடு இல்லாதபோது எழுத்தாணிக்கு இடமில்லை. வாருவதற்கு ஓலை இல்லாதபோது அதன் கத்திக்கும் தனிப் பயனில்லை. பொதுவேலைக்கு உரிய கத்தியோ தொழிற்சாலைகளிலிருந்து மலிவாகக் கிடைத்தது. ஒரே தொழிலுக்காக முழுமையாகப் பொருந்தி அமைந்த கருவி, அத்தொழிலோடு சேர்ந்தே மடிகின்றது. சுவிஸ் போர்வீரர் கத்தியோ தன் பட்டியலைத் திருத்திக்கொண்டே வந்தது. 2008ஆம் ஆண்டு வகையில் ஒரு கையால் திறக்கும் அலகும், மரவாளும், சிலுவை வடிவத் தலையுள்ள திருகாணிக்குரிய திருப்புளியும் இடம்பெற்றன. துப்பாக்கியும் திருகாணியும் மாறியபோது கத்தியும் மாறியது.

நம் கரையோரம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் உருவாகும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. இப்பிரதேசத்தின் பழைய வரலாற்று மரபுகளைக் கூறும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ ஏடுகளிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டு, 1962ஆம் ஆண்டில் வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்களால் பதிப்பிக்கப்பட்டது. இக்கரையில் முஸ்லிம்கள் குடியேறியமை பற்றிய மரபுக் கதைகளும் அதில் இடம்பெறுகின்றன. நம் வரலாற்றின் ஒரு பகுதி எழுத்தாணியின் முனை வழியாகவே நம்மை வந்தடைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் இரு எழுத்து மரபுகளின் வாரிசுகள். அரபெழுத்தாலே தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு கலத்தையும் கடதாசியையும் சார்ந்தது. தமிழெழுத்து மரபு ஓலையையும் எழுத்தாணியையும் சார்ந்தது. ஒரு கத்தி நாணலைச் சீவியது. மற்றைய கத்தி ஓலையை வாரியது. இரண்டும் இப்பொழுது வழக்கிழந்தவை. எனினும் இவ்விரண்டில் நூல்களைத் தேடுவோர் சிலராவது இருக்கின்றனர். நூல்களை ஆக்கிய கருவிகளைத் தேடுவோர் அரியர். ஏட்டுக்கட்டைப் பேணும் வீட்டில்கூட எழுத்தாணி பழைய இரும்பாகிவிடுகின்றது.

தேடுவதற்குரிய காலமும் சுருங்கிவிட்டது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி இக்கரையோரத்தின் வீடுகளைச் சிதைத்தது. போர்க்கால இடப்பெயர்வுகளின்போது மக்கள் கையில் அகப்பட்டதை மட்டுமே எடுத்துச் சென்றனர். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் எந்த மாவட்டத்திலும் பார்க்கக் கூடுதலான உயிர்களை அம்பாறை மாவட்டத்திற் காவுகொண்டது. உயிர்களின் முன் பொருட்கள் பெரியனவல்ல. ஆனால் அப்பேழைகளிலும் பெட்டகங்களிலும் இருந்தவற்றுக்குப் பட்டியல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதால், எவை போயின என்பதைக்கூட நாம் சொல்ல இயலாதவர்களாக இருக்கின்றோம்.

எஞ்சியவற்றுக்கேனும் பட்டியல் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தத்தம் ஊரில் பழைய வீடுகளிலுள்ள எழுத்தாணி, மடக்குக் கத்தி, பாக்குவெட்டி, பரிசாரியின் கருவி ஆகியவற்றை அளந்து, வரைந்து, படம் பிடித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் உரியவர் வழங்கும் பெயரையும் அதைக்கொண்டு செய்த வேலையையும் எழுதிக்கொள்ளுதல் போதும். பொருளை வீட்டாரிடமிருந்து எடுத்துவரவேண்டுவதில்லை. பெயரே முதலில் அழிவது. ஆகவே பெயரே முதலிற் பதியப்படவேண்டியது. பேனைக்கத்தி, வில்லுக்கத்தி என்னும் இரு சொற்கள் எஞ்சியிருந்தமையாலன்றோ இக்கட்டுரைக்கு வழி பிறந்தது? பெயரறியப்படாது துருவேறிக் கிடக்கும் இரும்புத் துண்டு ஒன்றிலும் ஒரு முன்னோனின் நாளாந்த வேலைப்பட்டியல் எழுதப்பட்டிருக்கின்றது. அதனை வாசிக்கக் கற்றவர் இருக்கும்வரையே அது வரலாற்றுச் சான்று.